‘நம்’ கடந்தகாலமா, ‘எங்கள்’ கடந்தகாலமா?

1

சில மாதங்களுக்கு முன் ஒரு சிறு கூட்டத்தில் நிபுணத்துவம் என்னும் அதிகாரம் பற்றிப் பேசினேன். வழக்கமாகச் சொல்வதைத்தான் சொன்னேன். அறிவு யாரிடம் இருக்கிறது என்று முடிவு செய்வதே அதிகாரத்தின் முதல் வேலை. பட்டம், துறை, கலைச்சொல், அனுமதிச்சீட்டு என்று வேலி கட்டி, வெளியே நிற்பவனை ‘அறியாதவன்’ ஆக்குகிறார்கள். ஆகவே நாம் எப்போதும் வேலிக்கு வெளியே நிற்பவன் பக்கம். கைதட்டினார்கள். கூட்டம் முடிந்து டீ குடித்துக்கொண்டிருந்தபோது ஒரு தோழர் கேட்டார்: “அப்ப வெளிநாட்டுல மெட்டல் டிடெக்டர எடுத்துக்கிட்டு வயக்காட்டுல புதையல் தேடுறானே, அவனும் நம்ம ஆள்தானா?” எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை என்பது வீட்டுக்குப் போகும் வழியில்தான் உறைத்தது.

விளையாட்டாகக் கேட்ட கேள்விதான். ஆனால் இங்கிலாந்தில் இந்தக் கேள்வியை வைத்து இருபது வருஷம் சண்டை போட்டிருக்கிறார்கள். அமெரிக்காவில் இதே கருவியைக் கையிலெடுத்த பொழுதுபோக்காளர்களும் தொல்லியலாளர்களும் சேர்ந்து ஒரு தேசத்தின் வீரகாவியத்தையே ஆட்டிப்பார்த்திருக்கிறார்கள். அவற்றைப் படிக்கப் படிக்க, நான் பேசிய ‘நிபுணர் எதிர் சாமானியர்’ என்ற எதிர்வு எவ்வளவு சோம்பேறித்தனமானது என்று தெரிந்தது. இந்தக் கட்டுரையை என் பேச்சின்மேல் நானே எழுதும் விமர்சனமாகவும் வாசிக்கலாம்.

2

முதலில் கருவி. மெட்டல் டிடெக்டரின் பிறப்பிலேயே ரத்தம் இருக்கிறது. 1881இல் அமெரிக்க ஜனாதிபதி கார்ஃபீல்டின் உடம்புக்குள் புதைந்துபோன துப்பாக்கிக் குண்டைத் தேட அலெக்ஸாண்டர் கிரஹாம் பெல் ஒரு மின்கருவி செய்தார். குண்டு அகப்படவில்லை, ஜனாதிபதி செத்துப்போனார். இரண்டாம் உலகப்போரில் போலந்து அதிகாரி யூசெஃப் கோசாட்ஸ்கி கண்ணிவெடி கண்டுபிடிக்கும் கருவியை வடிவமைத்தார். 1942இல் எல் அலமெய்ன் போர்க்களத்தில் அது பயன்பட்டது. போருக்குப் பிறகு கருவி சிறுத்தது, மலிந்தது. 1970களில் இங்கிலாந்தின் ஞாயிற்றுக்கிழமை வயல்களில் ஆட்கள் அதைத் தூக்கிக்கொண்டு நடக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

தொல்லியலாளர்கள் பதறினார்கள். 1979ஆம் வருஷச் சட்டம், பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னங்களில் அனுமதியின்றி டிடெக்டர் பயன்படுத்துவதைக் குற்றமாக்கியது. 1980இல் பிரிட்டிஷ் தொல்லியல் அவையும் அருங்காட்சியகத் துறையினரும் சேர்ந்து ‘ஸ்டாப்’ என்றொரு இயக்கம் தொடங்கினார்கள். ‘எங்கள் கடந்தகாலத்தை எடுப்பதை நிறுத்து’ என்ற ஆங்கில வாசகத்தின் முதலெழுத்துகள் அவை. நான் இங்கே ‘எங்கள்’ என்று எழுதிவிட்டேன். ‘நம்’ என்றும் எழுதியிருக்கலாம். கவனியுங்கள், சிக்கலே இதில்தான் இருக்கிறது. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல். கேட்பவனையும் உள்ளே சேர்த்துக்கொள்கிறாயா, வெளியே தள்ளுகிறாயா என்று ஆங்கிலம் சொல்லவேண்டியதில்லை. தமிழில் தப்பிக்க முடியாது. ‘நம் கடந்தகாலம்’ என்றால் டிடெக்டர்காரனுக்கும் அதில் பங்கு. ‘எங்கள் கடந்தகாலம்’ என்றால், நீ கை வைக்காதே, அவ்வளவுதான். இயக்கம் தன்னை ‘நம்’ என்றே எண்ணிக்கொண்டது. எதிரே நின்ற டிடெக்டர்காரர்களின் காதில் அது ‘எங்கள்’ என்றே விழுந்தது. அவர்களில் பெரும்பாலோர் பல்கலைக்கழகப் படி மிதிக்காதவர்கள். அவர்கள் தமக்கென்று ஒரு தேசியக் கூட்டமைப்பை 1981இல் அமைத்துக்கொண்டார்கள்.

இந்த இடம்வரை என் கூட்டப் பேச்சு செல்லுபடியாகிறது. வேலி, வேலிக்கு வெளியே ஓர் ஆள், இரண்டும் இருக்கின்றன. ஆனால் 1980களின் நடுவில் சர்ரே மாவட்டத்து வான்பரோவில் ஒரு ரோமானியர்காலக் கோயில் தலம் ராத்திரி ராத்திரியாகச் சூறையாடப்பட்டது. ஆயிரக்கணக்கான நாணயங்கள் சந்தைக்குப் போயின. அப்போதைய சட்டப்படி ஒரு பொருள் புதையல் ஆகவேண்டுமானால், மீண்டும் எடுக்கும் எண்ணத்தோடுதான் அதைப் புதைத்தார்கள் என்று நிரூபிக்கவேண்டும். கோயிலில் காணிக்கையாகப் போட்ட காசை எவன் திரும்ப எடுக்க நினைப்பான்? இந்த அவமானம் 1996ஆம் ஆண்டுப் புதையல் சட்டத்துக்கு ஒரு முக்கியத் தூண்டுதல். அதையொட்டி 1997இல் ஒரு தன்விருப்பப் பதிவுத் திட்டம் வந்தது. அருங்காட்சியகங்களில் தொடர்பு அலுவலர்களை நியமித்தார்கள். டிடெக்டர்காரர் ஓர் உடைந்த கொக்கியைக் கொண்டுவந்தாலும் உட்காரவைத்து, படமெடுத்து, எந்த வயலில் எந்த மூலையில் கிடைத்தது என்று எழுதி, பொருளைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இப்படிப் பதிவானவை 2014இல் பத்து லட்சத்தைத் தாண்டின. எந்தப் பல்கலைக்கழகத் துறையும் தனியாக இதைச் செய்திருக்க முடியாது.

3

இந்தக் கூட்டுழைப்பில் கைமாறுவது என்ன? தங்கம் என்றுதான் பத்திரிகைகள் எழுதும். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

1992 நவம்பரில் சஃபோக் மாவட்டத்து ஹாக்ஸ்னில் ஒரு விவசாயி தன் சுத்தியலை வயலில் தொலைத்துவிட்டார். எரிக் லாஸ் என்ற ஓய்வுபெற்ற தோட்டக்காரர் நண்பருக்காக டிடெக்டரோடு போனார். சுத்தியலைத் தேடிய இடத்தில் பொன்னும் வெள்ளியும் வந்தன. ரோமானியர் ஆட்சி முடியும் காலத்துப் புதையல், ஏறத்தாழ பதினைந்தாயிரம் காசுகள். லாஸ் கொஞ்சம் எடுத்தார். பிறகு நிறுத்திக்கொண்டார். சொல்லியனுப்பினார். மறுநாள் தொல்லியலாளர்கள் வந்து மீதியை மண்ணோடு அடுக்கு குலையாமல் எடுத்தார்கள். எது எதன்மேல் இருந்தது என்று தெரிந்ததால், மக்கிப்போன மரப்பெட்டியும் அதற்குள் சின்னப் பெட்டிகளும் இருந்ததுகூடத் தெரிந்தது. லாஸுக்குப் பதினேழரை லட்சம் பவுன் வெகுமதி கிடைத்தது, அதை விவசாயியோடு பகிர்ந்துகொண்டார். அந்தச் சுத்தியலும் இப்போது பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

லாஸ் கொடுத்த பெரிய கொடை பொன்னல்ல, தோண்டுவதை நிறுத்தியதுதான். மண்ணிலிருந்து வெளியே வந்த பொருள் அழியாது. பொருள் இருந்த இடம் அழிந்துவிடும். அது ஒரே ஒருமுறை மட்டும் வாசிக்கக்கூடிய பிரதி, வாசிக்கும்போதே கிழிந்துவிடுகிறது. வால்டர் பெஞ்சமின் அகழ்தலையும் நினைவையும் பற்றி எழுதிய சிறு குறிப்பொன்றில் கிட்டத்தட்ட இதைத்தான் சொல்கிறார். கிடைத்தவற்றைப் பட்டியல் போடுகிறவன், அவை இன்றைய நிலத்தில் எந்த இடத்தில் கிடைத்தன என்று குறிக்காவிட்டால் தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்கிறான் என்பது அவர் கருத்து.

நிறுத்தாத கை என்ன செய்யும்? 2015இல் ஒரே வருஷத்தில் இரண்டு புதையல்கள். இரண்டும் ஒன்பதாம் நூற்றாண்டு வைக்கிங் காலத்தவை. ஆக்ஸ்ஃபோர்ட்ஷயர் வாட்லிங்டனில் கிடைத்ததைக் கண்டவர் முறைப்படி தெரிவித்தார். மண்கட்டியாகவே தூக்கி, ஆய்வுக்கூடத்தில் பிரித்தார்கள், சுமார் இருநூறு காசுகள். ஹெர்ஃபோர்ட்ஷயரில் கிடைத்ததைக் கண்டவர்கள் மறைத்து, வியாபாரிகளிடம் விற்றார்கள். முந்நூறு காசுகள்வரை இருந்திருக்கலாம் என்று கணிக்கிறார்கள், முப்பது அளவில்தான் மீண்டன. 2019இல் அவர்கள் சிறைக்குப் போனார்கள்.

இதில் நாம் கவனிக்கவேண்டியது வேறு. இரண்டு புதையலிலும், வெஸ்ஸெக்ஸ் அரசன் ஆல்ஃப்ரெடும் மெர்ஸியா அரசன் கியோல்வுல்ஃபும் சேர்ந்து, ஒரே மாதிரி வடிவத்தில் வெளியிட்ட காசுகள் இருந்தன. வெஸ்ஸெக்ஸ் அரசவைச் சார்பில் எழுதப்பட்ட ஆண்டுக்குறிப்பு, கியோல்வுல்ஃபை வைக்கிங்குகள் கையிலிருந்த அறிவில்லாத ஆளாகச் சித்திரித்துவிட்டுப் போய்விட்டது. காசுகளோ இருவரும் சமகூட்டாளிகளாக இருந்தார்கள் என்கின்றன. அதாவது வென்றவன் எழுதிய வரலாற்றுக்கு எதிரான சாட்சி அந்த மண்ணில் இருந்தது. வாட்லிங்டன்காரர் சாட்சியைக் கூண்டில் ஏற்றினார். மற்ற இருவரும் சாட்சியைக் கலைத்தார்கள். வேலிக்கு வெளியே நின்ற அந்த ‘சாமானியர்’ தெரியாமலே ஆல்ஃப்ரெடின் அரசவைக்கு ஊழியம் செய்திருக்கிறார். அவரும் நம்ம ஆள்தான் என்று நான் இப்போது எப்படிச் சொல்வேன்?

இங்கே சட்டத்தையும் விட்டுவைக்கக்கூடாது. 1996ஆம் வருஷச் சட்டம் சந்தை விலையை முழுதாகக் கொடுக்கிறது. வழக்கமாகப் பாதி கண்டவருக்கு, பாதி நிலச் சொந்தக்காரருக்கு. நம் கைக்கு வந்து சேர்ந்த 1878ஆம் ஆண்டு இந்தியப் புதையல் சட்டமும் இதே குடும்பம்தான். கண்டவன், நிலச் சொந்தக்காரன், கலெக்டர் என்று மூன்று பேர். நிலத்தில் தலைமுறை தலைமுறையாக உழுதவர்களுக்கு, அதில் செத்துப் புதைந்தவர்களுக்கு, அவர்கள் வழிவந்தவர்களுக்கு இந்தக் கணக்கில் இடமில்லை. டிடெக்டர்காரரும் தொல்லியலாளரும் கைகுலுக்கிக்கொண்டது நல்லதுதான். அந்தக் கைகுலுக்கலுக்குக் கீழே கிடக்கும் மண் யாருடையது என்ற கேள்வியை இங்கிலாந்து வயல்கள் அவ்வளவு கூர்மையாகக் கேட்கவில்லை. வேறொரு நிலம் கேட்டது.

4

1876 ஜூன் 25. இன்றைய மொன்டானா மாநிலத்தில் லிட்டில் பிக்ஹார்ன் ஆற்றங்கரை. கஸ்டரின் தலைமையில் வந்த ஏழாவது குதிரைப்படை, லக்கோட்டா, ஷையேன் மக்களின் பெரும் குடியிருப்பைத் தாக்கியது. கஸ்டரோடு போன சுமார் 210 பேரில் ஒருவரும் உயிரோடு திரும்பவில்லை. தோல்வியைக் காவியமாக்குவதில் அதிகாரத்துக்கு எப்போதும் தனித்திறமை உண்டு. மலைமுகட்டில் கடைசிக் குண்டுவரை ஒழுங்கு குலையாமல் நின்று போராடி மாண்ட வீரர்கள் என்று கதை எழுந்தது. கஸ்டரின் மனைவி புத்தகங்கள் எழுதினார். 1896இலிருந்து ஒரு பீர் கம்பெனி அந்தக் ‘கடைசிச் சண்டை’யைப் பெரிய வண்ணப்படமாக அச்சடித்து மதுக்கடைகளில் தொங்கவிட்டது. தேசபக்தியையும் பீரையும் ஒரே சுவரில் விற்றார்கள்.

உயிரோடிருந்த சாட்சிகள் இல்லையா? ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். படை ஒழுங்கு குலைந்ததையும் சிப்பாய்கள் பதறி ஓடியதையும் அவர்களில் பலர் சொன்னார்கள். ரெட் ஹார்ஸ் என்ற லக்கோட்டா தலைவர் 1881இல் நாற்பதுக்கும் மேற்பட்ட படங்களாக அந்தச் சண்டையை வரைந்து கொடுத்தார். அவை எங்கே போய்ச் சேர்ந்தன? பூர்வகுடிகளின் ‘பட எழுத்து’ பற்றி 1893இல் வெளியான இனவியல் அறிக்கையில். ஒரு மனிதர் ‘நான் கண்டது இது’ என்று வரைந்து தருகிறார், ‘இவர்கள் இப்படித்தான் எழுதுவார்கள்’ என்று எடுத்து வைத்துக்கொள்கிறார்கள். சாட்சியம் மாதிரிப்பொருளாகிவிட்டது. ஒரு குரலை மௌனமாக்க அதைத் தடுக்கவேண்டியதில்லை, வேறு அலமாரியில் வைத்தால் போதும்.

நூறு வருஷம் கழித்து, 1983 ஆகஸ்டில் அங்கே புல்வெளி தீப்பிடித்து எரிந்தது. மண் வெளியே தெரிந்தது. தேசியப் பூங்காத் துறையின் தொல்லியலாளர் டக்ளஸ் ஸ்காட், ரிச்சர்ட் ஃபாக்ஸ் உள்ளிட்டோர் 1984, 1985ஆம் வருஷங்களில் களமிறங்கினார்கள். அங்கங்கே சிறு குழி தோண்டிப் பார்க்கும் துறையின் வழக்கமான முறை போர்க்களத்தில் உதவாது. ஒரு மைல் நிலத்தில் சிதறிய குண்டுகள் குழியிலா வந்து விழும்? அவர்களுக்குத் தேவைப்பட்ட திறமை வேலிக்கு வெளியே, பொழுதுபோக்காளர்களின் காதில் இருந்தது. இரும்பின் ஒலி எது, பித்தளையின் ஒலி எது, ஈயத்தின் ஒலி எது என்று வருஷக்கணக்காகப் பழகிய காது. அரசு நிலத்தில் அனுமதியின்றித் தொல்பொருள் எடுப்பதை 1979இல்தான் அமெரிக்கச் சட்டம் கடுங்குற்றமாக்கியிருந்தது. ஐந்தே வருஷத்தில் அந்தக் கருவிக்காரர்களை அரசே கூப்பிட்டது. தன்னார்வலர்கள் சில மீட்டர் இடைவெளியில் வரிசையாக நடந்தார்கள். ஒலி கேட்ட இடத்தில் சின்னக் கொடி நட்டார்கள். பின்னால் வந்தவர்கள் ஒவ்வொன்றின் இடத்தையும் அளந்து குறித்த பிறகே பொருளை எடுத்தார்கள். இரண்டு பருவங்களில் ஆயிரக்கணக்கான பொருள்கள் கிடைத்தன.

பிறகு நடந்தது துப்பறியும் வேலை. தோட்டாவின் அடியில் அடிக்கும் ஊசி ஒவ்வொரு துப்பாக்கிக்கும் தனி முத்திரை பதிக்கும். ஒரே முத்திரையுள்ள காலித் தோட்டாக்கள் எங்கெங்கே கிடக்கின்றன என்று பார்த்தால், அந்தத் துப்பாக்கி நடந்துபோன வழி தெரிந்துவிடும். ஒரு சிப்பாயோ ஒரு ஷையேன் வீரரோ நூறு வருஷத்துக்கு முன் ஓடிய ஓட்டம் மண்ணில் வரைபடமாகிறது. படையிடம் ஒவ்வொரு குண்டுக்கும் ஒருமுறை நிரப்பவேண்டிய துப்பாக்கிகள். எதிர்த் தரப்பில் பல வகைத் துப்பாக்கிகள், அவற்றில் ஒருமுறை நிரப்பினால் அடுத்தடுத்துச் சுடும் ஹென்றி, வின்செஸ்டர் ரகங்கள் நிறைய. ஃபாக்ஸ் 1993இல் வெளியிட்ட நூலில் முடிவாகச் சொன்னார்: தொடக்கத்தில் ஒழுங்கான வரிசை தெரிகிறது, பிறகு அது உடைகிறது, சிப்பாய்கள் கும்பலாகச் சேர்ந்து ஓடுகிறார்கள். காவியத்தில் வரும் அந்தக் கடைசி எதிர்ப்பு அங்கே நடக்கவில்லை.

எதிர்வாதமும் உண்டு. நூறு வருஷமாக நினைவுப்பொருள் பொறுக்குகிறவர்கள் அந்த மேட்டிலிருந்து தோட்டாக்களை அள்ளிப்போயிருக்கலாம், அதனால்தான் குறைவாகக் கிடைக்கிறது என்றார்கள். நியாயமான ஐயம்தான். இடத்தைக் குறிக்காமல் எடுத்த அந்தக் கைகள், வாதத்தின் இரண்டு பக்கத்துக்கும் ஆதாரத்தை இல்லாமலாக்கிவிட்டன. பொறுக்குவதும் தேடுவதும் வெளித்தோற்றத்தில் ஒரே பொழுதுபோக்குத்தான். எடுப்பதற்கு முன் ஒரு கொடி நடுகிறோமா இல்லையா என்பதில் வேறுபாடு இருக்கிறது.

5

இதைப் படித்தபோது எனக்கு முதலில் வந்தது குதூகலம்தான். பெருங்கதையாடல் ஒன்று காலித் தோட்டாக்களால் கட்டவிழ்கிறது! அமெச்சூர்களும் துறைக்காரர்களும் சேர்ந்து வென்றவன் கதையைக் கவிழ்த்துவிட்டார்கள்! இதைவிட நமக்கு என்ன வேண்டும்?

இரண்டாம் முறை படிக்கும்போது குதூகலம் வடிந்துவிட்டது. ‘பூர்வகுடிகளின் சாட்சியங்களைத் தொல்லியல் உறுதிப்படுத்தியது’ என்று திரும்பத் திரும்ப எழுதுகிறார்கள். பாராட்டாகத்தான் எழுதுகிறார்கள். ஆனால் அந்த வாக்கியத்தின் இலக்கணத்தைப் பாருங்கள். நூறு வருஷம் மனிதர்கள் வாய்திறந்து சொன்னது ‘சாட்சியம்’ மட்டுமே. ஈயம் பேசிய பிறகுதான் அது உண்மை. ஃபாக்ஸ் அந்தச் சாட்சியங்களை மதித்து, மண்ணில் கிடந்த கோலத்தைப் புரிந்துகொள்ளவே பயன்படுத்தினார் என்பதையும் சொல்லவேண்டும், அவர்மேல் எனக்குப் புகாரில்லை. புகார் அந்தத் தராசின்மேல். ஒரு தட்டில் மக்கள் நினைவு, மறுதட்டில் உலோகம். முள் எப்போதும் உலோகத்தின் பக்கம்.

லியோதார் 1983இல் ஒரு நூல் எழுதினார். நாஜி நச்சுவாயு அறைகளை மறுத்தவர்களின் வாதத்திலிருந்து அது தொடங்குகிறது. இழைக்கப்பட்ட கொடுமையை நிரூபிக்கும் வழியே பாதிக்கப்பட்டவனிடமிருந்து பறிக்கப்பட்டிருந்தால், எதிர்த் தரப்பின் மொழியில் மட்டுமே வழக்கு நடக்கும் என்றால், அதை என்ன பெயரிட்டு அழைப்பது என்று கேட்கிறார். லிட்டில் பிக்ஹார்னில் வழக்கு லக்கோட்டாக்களுக்குச் சாதகமாகத் தீர்ந்தது, சரி. ஆனால் யாருடைய மொழியில்? இடையில் 1991இல், கஸ்டர் பெயரிலிருந்த அந்த இடத்தின் பெயர் லிட்டில் பிக்ஹார்ன் போர்க்களம் என்று மாறியது. 1999 முதல் மாண்ட ஷையேன், லக்கோட்டா வீரர்கள் விழுந்த இடங்களில் சிவப்புக் கிரானைட் கற்கள் நட்டார்கள். 2003இல் பூர்வகுடி நினைவுச்சின்னம் திறக்கப்பட்டது. இவை ஈயத்தின் தயவில் மட்டும் வந்தவையல்ல. இந்த மக்களின் நீண்ட அரசியல் போராட்டம் பின்னால் இருக்கிறது. ஆதாரம் கிடைத்ததால் நியாயம் கிடைத்தது என்று எழுதுவது அந்தப் போராட்டத்தை இரண்டாம் முறை புதைப்பது.

6

பதினைந்து வருஷம் கழித்து அதே ஸ்காட், அதே கருவி, வேறொரு நிலம். இந்தமுறை மூன்றாவது ஆள் களத்தில் இருந்தார்.

1864 நவம்பர் 29 அன்று கொலராடோவின் ஸாண்ட் கிரீக்கில் கர்னல் சிவிங்டனின் படை, சமாதானத்தை நம்பித் தங்கியிருந்த ஷையேன், அரப்பஹோ குடியிருப்பைத் தாக்கியது. பிளாக் கெட்டில் என்ற தலைவர் தன் கூடாரத்தின்மேல் அமெரிக்கக் கொடியையும் வெள்ளைக் கொடியையும் ஏற்றியிருந்தார். சுமார் 230 பேர் கொல்லப்பட்டார்கள். பெரும்பாலோர் பெண்கள், குழந்தைகள், வயதானவர்கள். 1950இல் அங்கே வைத்த கல்லில் ‘போர்க்களம்’ என்று வெட்டியிருந்தார்கள்.

அந்த இடத்தைத் தேசிய வரலாற்றுத்தலமாக்கும் முயற்சியில் ஒரு வினோதச் சிக்கல் வந்தது. இடம் எது? 1997இல் மரபாகச் சொல்லப்பட்ட ஆற்று வளைவில் டிடெக்டர் வைத்துத் தேடியபோது அதிகமாக எதுவும் வரவில்லை. 1998இல் நாடாளுமன்றம் ஓர் இடமறி ஆய்வுக்குச் சட்டம் போட்டது. முன்முயற்சி எடுத்தவர் பென் நைட்ஹார்ஸ் கேம்ப்பெல், வட ஷையேன் இனத்தவரான செனட்டர். 1999இல் களப்பணி. ஸ்காட்டின் குழுவோடு தன்னார்வ டிடெக்டர்காரர்கள், நிலச் சொந்தக்காரர்கள், கூடவே ஷையேன், அரப்பஹோ வழித்தோன்றல்கள். வாய்மொழி வரலாறும் இணையாகத் தொகுக்கப்பட்டது.

சுமார் நானூறு பொருள்கள் கிடைத்தன. கெட்டில் துண்டுகள், தட்டுகள், கரண்டிகள், இரும்பு அம்புமுனைகள், பன்னிரண்டு ராத்தல் சிறு பீரங்கியின் குண்டுச் சிதறல்கள். சமையல் பாத்திரத்தின் பக்கத்தில் பீரங்கிச் சிதறல்! ‘போர்’ என்ற சொல் அதோடு செத்தது. ஆனால் அவை கிடைத்தது மரபு சொன்ன வளைவிலிருந்து ஏறத்தாழ ஒரு மைல் தள்ளி. 1868இல் ஓர் ராணுவ அதிகாரி வரைந்த வழிப்படத்தை வைத்து அந்தப் பக்கம் தேடியிருந்தார்கள். வழித்தோன்றல்களோ, படுகொலையில் தப்பிய ஜார்ஜ் பென்ட் பின்னாளில் வரைந்த படங்களை நம்பினார்கள். அந்த வளைவை 1978இல் ஷையேன் மக்களின் புனித அம்புகளைக் காப்பவர் ‘ஷையேன் மண்’ என்று சடங்கு செய்து ஆசீர்வதித்திருந்தார். அங்கே போனால் பெண்களின், குழந்தைகளின் அழுகுரல் கேட்கும் என்றார்கள்.

இதில் யார் சரி என்று தீர்ப்பளிக்க நான் வரவில்லை. இரண்டு விஷயங்கள் மட்டும். ஒன்று: டிடெக்டர் தானாக நடப்பதில்லை. எந்த வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு நடக்கிறோமோ அந்த இடத்தில்தான் அது ஒலிக்கும். ராணுவக்காரன் படம், தப்பியவன் படம் என்று இரண்டு பிரதிகள் அங்கே மோதிக்கொண்டன. இரண்டு: டிடெக்டரின் காதில் உலோகம் மட்டுமே விழும். தோல் கூடாரம் ஒலிக்காது. ஆற்றுமணலைக் கையால் பறித்துப் பதுங்கிய பெண் ஒலிக்கமாட்டாள். கையில் உலோகமில்லாமல் செத்த குழந்தை ஒலிக்காது. துப்பாக்கி வைத்திருந்தவன் மண்ணில் அதிகம் எழுதிவிட்டுப் போகிறான். ஆயுதமில்லாதவர்கள் எழுதுவது குறைவு. மௌனமான நிலம் காலியான நிலமல்ல.

அங்கே நடந்ததில் எனக்குப் பிடித்தது முடிவுதான். வழித்தோன்றல்கள் விட்டுக்கொடுக்கவில்லை. தொல்லியலாளர்களும் தங்கள் கண்டுபிடிப்பை விழுங்கிவிடவில்லை. கசப்பான சண்டை நடந்தது. 2000இல் வந்த சட்டம் ஏறத்தாழ 12,500 ஏக்கர் எல்லையை வகுத்தது, இரண்டு தரப்பும் சொன்ன இடங்கள் அதற்குள் வந்தன. 2007இல் தலம் முறைப்படி நிறுவப்பட்டது. இதைச் சமரசம் என்று சிலர் முகம் சுளிக்கலாம். ஒரு தரப்பின் நிரூபண மொழி மறு தரப்பின் நினைவைத் தின்றுவிடாமல், இரண்டுக்கும் நிற்க இடம் விட்ட எல்லைக்கோடு என்று நான் வாசிக்கிறேன். வரலாற்றில் இது அபூர்வம்.

7

டீக்கடைத் தோழரின் கேள்விக்கு வருகிறேன். டிடெக்டர்காரர் நம்ம ஆளா?

வேலிக்கு வெளியே நிற்கிறார் என்பதால் மட்டும் அல்ல. வெளியே நிற்பது ஓர் இடம்தான், அறமாகிவிடாது. வியாபாரியிடம் விற்றவரும் வெளியேதான் நின்றார். அதேபோல வேலிக்கு உள்ளே நிற்பவரெல்லாம் எதிரியுமல்ல. உடைந்த கொக்கியோடு வந்தவரை உட்காரவைத்து எழுதிக்கொண்ட அந்த அருங்காட்சியக அலுவலர் உள்ளேயிருந்து கதவைத் திறந்தவர். நான் கூட்டத்தில் பேசியது பாதி உண்மை. பாதி உண்மைக்குத்தான் கைதட்டல் சுலபமாகக் கிடைக்கிறது.

இனி இதுபோன்ற கூட்டுழைப்பு எங்கே நடந்தாலும் நான் மூன்று கேள்விகள் கேட்பேன். எடுக்கும் முன் இடத்தைக் குறித்தீர்களா? யாருடைய வரைபடத்தை வைத்துக்கொண்டு நடந்தீர்கள்? அந்த மண்ணில் செத்தவர்களின் வழியில் வந்தவர்கள் உங்கள் வரிசையில் நடந்தார்களா, அல்லது முடிவைக் கேட்டுக்கொள்ள மட்டும் கூப்பிட்டீர்களா? முதல் கேள்வியை இங்கிலாந்து கற்றுக்கொண்டது. லிட்டில் பிக்ஹார்ன் அதையே நன்றாகச் செய்தது. மூன்றாவது கேள்வி ஸாண்ட் கிரீக்கில்தான், அதுவும் சண்டைபோட்டுத்தான், காதில் ஏறியது.

‘நம் கடந்தகாலம்’ என்று யாராவது சொல்லும்போது அதை ஒருமுறை ‘எங்கள்’ என்று மாற்றிச் சொல்லிப்பாருங்கள். வாக்கியம் அப்படியே பொருந்தினால் யாரோ வெளியே நிற்கிறார்கள் என்று அர்த்தம். அவர் கையில் டிடெக்டர் இருக்கலாம். ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம். நம் கருவிகளில் ஒலி எழுப்பாத அந்த இரண்டாமவருக்காகத்தான் நாம் அதிகம் கவலைப்பட வேண்டும்.